தேயிலையின் கீர்த்தியும் பூட்டிய தபால் பையும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டம் எதை எடுத்துக்கொண்டாலும், பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற வரிசையில் சேராதவராயினும் அவர்கள் எவருக்கும் குறையாத முக்கியத்துவத்தோடு ஒரு மனிதர் அங்கே நடமாடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தப்பால்காரர் என்று பெயர். காலைப் பெரட்டு என்ற ஆட்கணக்கெடுப்பு கலைந்து கொழுந்துக் கூடைகள் மலைக்கு ஏறும் நேரத்தில், அவர் மட்டும் தோளில் ஒரு தோற்பையை மாட்டிக்கொண்டு குறுக்குப் பாதையாகப் பசறைக்கோ ஹாலி எலைக்கோ தெமோதரைக்கோ இறங்கிப் போவார். அந்தப் பைக்குப் பித்தளைப் பூட்டு ஒன்று உண்டு. அதன் சாவிகளில் ஒன்று தபாலதிபரிடமும் மற்றொன்று துரையிடமும் இருக்க, பையைச் சுமந்து நாள்தோறும் மலை இறங்கி ஏறுகிற மனிதரிடம் மட்டும் சாவி இராது. கொழும்பு ஏஜென்சிக் கம்பெனியின் கடிதமும், லண்டன் ஏல விலைப் பட்டியலும், ‘டைம்ஸ் ஒவ் சிலோன்’ பத்திரிகையும், ஏழாம் நம்பர் லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் கருப்பாயிக்குத் துறையூர்ப் பக்கத்திலிருந்து அவள் அண்ணன் யாரையோ கொண்டு எழுதுவித்த கார்டும் அந்த ஒரே பைக்குள் உரசிக்கொண்டு மலையேறி வந்து, துரையின் மேசைமீது கொட்டப்பட்டுப் பிரிக்கப்பட்ட பிறகே அவரவர் கைக்குப் போய்ச் சேரும்.

தேயிலைக் கம்பெனிகள் பத்திரிகை உலகத்தோடு கொண்டிருந்த சம்பந்தத்தின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்தப் பைதான். மக்கள் தொடர்பு என்று இன்று பெரிய ஸ்தாபனங்கள் தனி இலாகா வைத்து நடத்துகிற கலையை, அந்தப் பெயர் வழக்கில் வருவதற்கு வெகு காலம் முன்னரே ஊவா மலையின் முதலாளிகள் கசடறக் கற்றிருந்தார்கள். ஆயினும் அவர்களுடைய சாமர்த்தியம் முழுவதும் கடலுக்கு அப்பால் தேநீர் அருந்துகிறவனை நோக்கியே திரும்பியிருந்தது. தோட்டத்துக்குள் நடப்பது எதுவும் செய்தியாகிவிடாமல் காப்பது அக்கலையின் மறுபாதி. முதற்பாதியைப் பற்றிப் புத்தகங்கள் பல உண்டு, மறுபாதியைப் பற்றித் தப்பால்காரர்களைத்தான் கேட்கவேண்டும்.

கலை பிறந்ததென்னவோ கஷ்ட காலத்தில். 1869-இல் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் பதினைந்தே ஆண்டுகளில் மலைநாட்டுத் துரைமாரைக் கடனாளிகளாக்கி, 1884-இல் ஓரியண்டல் பாங்கியையும் சாய்த்துவிட்ட பின்னர், 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்டுக் காட்டியிருந்த தேயிலையையே எல்லோரும் கட்டிப்பிடிக்க வேண்டியதாயிற்று. ஆனால் நடுவது எளிது, விற்பது அரிது. சீனத் தேயிலையிலேயே பழகிப்போன ஆங்கிலேயரின் நாக்கைத் திருப்ப வேண்டியிருந்தது. இந்தப் பிரயத்தனத்தில், 1854-இல் கண்டியில் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கத்துக்குத் தோள் கொடுத்தவர்கள் ‘சிலோன் ஒப்சேர்வர்’ பத்திரிகையை நடத்திய பெர்கூசன் குடும்பத்தார். 1881-இல் அவர்கள் தொடங்கிய ‘டிரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ என்ற மாத சஞ்சிகை தோட்டக்காரருக்கு வேளாண்மை ஆசானாகவும், பிற தேசத்தாருக்கு இலங்கைத் தேயிலையின் கட்டியக்காரனாகவும் ஒருங்கே விளங்கியது. 1891-இல் மஸ்கெலியாவின் கார்ட்மோர் தோட்டத்துத் தேயிலை, லண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் ஒரு றாத்தல் 25 பவுண் 10 ஷில்லிங்குக்குப் போனதும், 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலைப் பொட்டலங்கள் பத்து லட்சம் விற்றன என்று பேசப்பட்டதும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டியவை. ஒரு றாத்தல் தேயிலைக்கு அந்த விலை கொடுத்தவர் அதைக் குடிப்பதற்கென்றா வாங்கியிருப்பார்? மறுநாள் பத்திரிகைகளில் வந்த வரிகளுக்குத்தான் அந்த விலை.

இவர்கள் எல்லோரையும் சிறு பிள்ளைகளாக்கிவிட்டவர் தாமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் 1871-இல் ஒரு மளிகைக் கடை திறந்து பன்றி இறைச்சியும் வெண்ணெயும் விற்ற அந்த மனிதர், கொழுத்த பன்றிகளுக்கு ‘லிப்டனின் அநாதைகள்’ என்று பட்டம் சூட்டித் தெருத்தெருவாக ஊர்வலம் விட்டவர். 1881-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ராட்சதப் பாற்கட்டி ஒன்றைத் தருவித்து, அதற்குள் தங்க நாணயங்களைப் புதைத்து விற்றபோது, நாணயம் தொண்டையில் சிக்கிக்கொள்ளப் போகிறதென்று பொலிசார் கவலைப்பட, ஜனங்கள் ஜாக்கிரதையாக மெல்லவேண்டுமென்று பத்திரிகைகளில் எச்சரிக்கை வெளியிட்டு, அந்த எச்சரிக்கையையே இரண்டாவது விளம்பரமாக்கிக்கொண்டார் என்பார்கள். ஓய்வுக்காக ஆஸ்திரேலியா போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு 1890-இல் கப்பலேறிய இவர் கொழும்பில் இறங்கினார். கோப்பி வீழ்ச்சியினால் தோட்டங்களின் விலை படுத்துக்கிடந்த வேளை அது. அப்புத்தளை மலையில் தம்பத்தென்ன, லேமஸ்தொட்ட, மொனரகந்த என்ற தோட்டங்கள் இவர் கைக்கு வந்தன. திரும்பிப் போகும் பிரயாணத்தில் செங்கடலில் கப்பல் தரைதட்டிப் பாரத்தைக் குறைக்கச் சாமான்களைக் கடலில் எறிய நேர்ந்தபோது, எறிகிற பீப்பாய்களிலெல்லாம் லிப்டன் தேயிலை குடியுங்கள் என்று எழுதி எறிந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, அந்தக் கதையும் அவருக்கு விளம்பரமாகவே உழைத்திருக்கிறது.

லிப்டன் செய்த உண்மையான புதுமை, விலையில் பாதி, வாசகத்தில் பாதி. மற்றவர் இதைவிட வெகு அதிக விலைக்கு விற்ற தேயிலையை அவர் றாத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்குக் கொடுத்தார். நிறையும் தரமும் மாறாதபடி பொட்டலத்தில் அடைத்துக் கொடுத்தார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற ஒரு வாசகத்தையும் அதன்மேல் அச்சிட்டுக் கொடுத்தார். அந்த வாசகத்தில் அடங்கிய சூட்சுமம் அலாதியானது. அவர் விற்ற தேயிலையில் மிகப் பெரும்பகுதி மற்றத் தோட்டங்களில் விளைந்து சந்தையில் வாங்கிக் கலந்ததேயாயினும், லிவர்பூலில் பொட்டலத்தைப் பிரிக்கிற இல்லத்தரசியின் மனக்கண்ணில் தரகனும் ஏலக்காரனும் மறைந்து, அப்புத்தளையின் ஒரு பச்சை மலைச்சரிவு மட்டுமே எஞ்சி நின்றது. ஊவாவின் பெயர் தெரியாதவர்களும் ஊவாவின் சித்திரத்தை அறிந்துகொண்டார்கள். 1898-இல் சர் பட்டமும் பெற்று, அமெரிக்கக் கிண்ணப் படகுப் பந்தயத்தில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்று, ஒவ்வொரு தோல்வியிலும் புன்னகையோடு பத்திரிகையாளருக்குக் கைகொடுத்து, வென்றவர்களைவிடப் பெரிய பெயரைத் தட்டிக்கொண்டு போனார். தம்மைப் பற்றி வந்த பத்திரிகைத் துண்டுகளையெல்லாம் தடித்த புத்தகங்களில் ஒட்டி வைத்திருந்தார். கிளாஸ்கோ நகரத்து மிட்சல் நூலகத்தில் அவை இன்றும் இருக்கின்றன.

அந்த விளம்பரச் சித்திரங்களில் தவறாமல் இடம்பெற்றவள் தமிழ்ப் பெண். பழைய தேயிலைத் தகரங்களில் அவளைப் பார்க்கலாம்: தலையிலே கூடை, கழுத்திலும் கையிலும் ஆபரணம், சேலையில் ஒரு கசங்கல் இல்லை, முகத்தில் களைப்பின் சாயல் இல்லை. மலையில் உண்மையில் கொழுந்தெடுத்தவளோ, கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, மழைக்குக் கம்பளியைக் கொங்காணியாக மடித்துப் போட்டு, செடியின் ஈரமும் குச்சியும் தொடையில் படாதபடி இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடியோடு நின்றவள். தகரத்துப் பெண்ணுக்கும் மலைமேல் நின்றவளுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சிறு வயதிலேயே ஒருநாள் கண்ணால் அளந்திருக்கிறேன். பசறைப் பாதையில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். கொழும்பிலிருந்து படம்பிடிக்க ஆட்கள் வந்தார்கள். பக்கத்து மலையில் நின்ற பெண்களில் இளையவர்களாக ஆறு பேரைக் கணக்கப்பிள்ளை பொறுக்கியெடுத்து, படங்கை அவிழ்க்கச் சொல்லி, ஸ்டோரிலிருந்து வந்த புதுச் சேலைகளைக் கட்டச் செய்து, பாதையோரத்தில் வெயில் நன்றாக விழுந்த ஒரு நிரையில் நிறுத்தினார். இரண்டு மணி நேரம் அந்த நிரையில் கைகள் கொழுந்தைத் தொட்டனவேயன்றிப் பறிக்கவில்லை. சாயங்காலம் தராசடியில் கூடை நிறை குறைந்தது. அந்த அறுவரில் என் சின்னம்மாவும் ஒருத்தி.

“அன்னைக்கு என்ன பேர் போட்டாங்க, சின்னம்மா?” என்று அன்றைய கூலிப் பதிவைப் பற்றி வெகு நாள் கழித்துக் கேட்டேன்.

“அரைப் பேருதான், சாமி. சேலையையும் திரும்ப வாங்கிக்கிட்டாங்க” என்றாள்.

லிப்டன் பேர் பெற்ற அதே காலப்பகுதியில் அமெரிக்காவில் இந்த மக்கள் தொடர்புக் கலை வேறொரு பாதையில் திரும்பியதைச் சொல்லாமல் மேலே போவது பொருந்தாது. 1906-இல் பென்சில்வேனியா ரயில்வேக் கம்பெனியின் வண்டி ஒன்று விபத்துக்குள்ளானபோது, அதுவரை வழக்கமாயிருந்தபடி செய்தியை அமுக்கிவிடாமல், நிருபர்களைக் கம்பெனிச் செலவிலேயே விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் சென்று காட்டும்படி செய்தவர் ஐவி லீ என்ற பழைய பத்திரிகையாளர். முதலாளி மறைத்தால் பத்திரிகை கற்பனை செய்யும், காட்டினால் ஓரளவு அவன் சொற்படி எழுதும் என்பது அவர் கண்ட சூத்திரம். அவரையும் நான் தர்மாத்மா என்று சொல்ல வரவில்லை. 1914-இல் லட்லோ சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் எரிந்த பிற்பாடு ராக்பெல்லர் குடும்பத்துக்காக அவர் எழுதி வெளியிட்டவற்றில் உண்மையைவிட எஜமான விசுவாசமே மேலோங்கியிருந்தது. ஆனாலும் கதவைத் திறப்பதில் ஒரு லாபம் உண்டென்று அந்தக் கம்பெனிகள் கண்டுகொண்டன. நம்முடைய மலையிலோ கதவைத் திறக்கும் பேச்சே எழவில்லை. தோட்டம் முழுவதும் தனியார் நிலம். பாதை தோட்டத்துப் பாதை. லயம் தோட்டத்து லயம். அனுமதியின்றி உள்ளே காலெடுத்து வைத்தவன் உறவினனேயானாலும் அத்துமீறிப் பிரவேசித்த குற்றவாளி. அப்படியிருக்க நிருபனுக்கு அங்கே என்ன வேலை?

அந்த வேலியைத் தாண்டியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் ‘வர்த்தக மித்திரன்’ பத்திரிகை நடத்திய பழக்கத்தோடு கொழும்புக்கு வந்த இந்தப் பிராமணர், தோட்டத்து ஜனங்களின் நிலையை நேரில் காண வேறு வழியில்லாமல் புடவை வியாபாரியாக வேஷமிட்டு, துணி மூட்டையோடு லயங்களுக்குள் நுழைந்தார் என்பது மலைநாட்டில் பிரசித்தம். யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடையாது. லயத்து வாசற்படி வரையில் மரியாதையோடு வரக்கூடிய அந்நியன் அக்காலத்தில் அவன் ஒருவனே. முதலில் ‘தேசநேசன்’, பிறகு 1924 முதல் ‘தேசபக்தன்’ என்று அவர் நடத்திய பத்திரிகைகளில், துரைமார் முதன்முறையாகத் தங்கள் தோட்டத்தைத் தாங்கள் எழுதாத சொற்களில் அச்சில் கண்டார்கள். ஆளை அடிமைபோல் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிந்திருந்தும், ஏட்டில் ஒழிந்தது மலையில் ஒழிந்ததா என்று கேட்க ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. தேசபக்தன் தபால் பையில் வந்து சேரும் பத்திரிகை அன்று. பதுளைக் கடைவீதியில் சம்பள வாரத்துக்கு மறுநாள், சாமான் வாங்க இறங்கிய ஆட்கள் நடுவே எழுத்துத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசிக்க, மற்றவர்கள் அரிசி மூட்டையின்மேல் சாய்ந்து கேட்டதுண்டென்று என் பாட்டனார் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் மலையேறிப் போய் லயத்தில் சொல்லும்போது பத்திரிகையில் இருந்ததைவிடக் காரம் கூடியிருக்குமாம். நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடிப் பேசினார். படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு அந்தத் தம்பதியர் பாட்டையே பத்திரிகையாக்கிக் கொடுத்தார்கள்.

இனி 1932-க்கு வருவோம். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்தபோது, ஏற்றுமதியாகும் தேயிலைமேல் வரி ஒன்று விதித்து, அந்தப் பணத்தில் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைக்கப்பட்டது. பிரசாரம் என்ற சொல் அப்போது கெட்ட பெயர் எடுத்திருக்கவில்லை. சபைக்காரர்கள் அதைச் சங்கோசமின்றிப் பெயர்ப் பலகையில் எழுதிக்கொண்டார்கள். லண்டனில் அதன் தலைமையை ஏற்ற ஜெர்வாஸ் ஹக்ஸ்லி, ஆல்டஸ் ஹக்ஸ்லியின் உறவினர். சாம்ராஜ்யச் சந்தைச் சபையில் விளம்பரக் கலை பயின்றவர். சபையின் ஆதரவில் பசில் ரைட் என்ற இளைஞர் எடுத்து 1934-இல் முடித்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்ற படம் மறுவருஷம் பிரஸல்ஸில் பரிசு பெற்றது. லயனல் வென்ட் குரல் கொடுத்த அந்தப் படத்தில், தேயிலை வாங்குங்கள் என்ற பச்சையான அழைப்பு கிடையாது. றொபர்ட் நொக்ஸ் 1681-இல் எழுதிய புத்தகத்தின் நடையில் ஒரு தீவு, ஒரு மலை, ஒரு வழிபாடு. நடுவே வர்த்தகத்தின் குரல்கள். சினிமாவை அறிந்தவர்கள் அதைக் கலைச்செல்வம் என்கிறார்கள். எனக்கும் அதில் அபிப்பிராய பேதமில்லை. விளம்பரம் தன்னை மறைத்துக்கொள்ளும்போதே அதிகம் விற்கும் என்ற பாடம் அந்தப் படத்தில் பூரணமாகியிருக்கிறது. பணம் கொடுத்தது தேயிலை. ஆனால் அந்தத் தேயிலையை உண்டாக்கிய தமிழ் ஜனத்துக்குப் படத்தில் கிடைத்த இடம் சொற்பம்.

பிரசாரத்துக்கு வரி சேர்ந்த அதே வருஷங்களில் கூலி இறங்கிக்கொண்டிருந்தது. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1929-இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயமாகியிருந்த நாட்சம்பளம் 1931-க்கும் 1933-க்கும் இடையே படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் மண்டபம் முகாம் வழியாக ஊருக்குத் திருப்பப்பட்டார்கள். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் அக்காலத்துக் கொழும்பில் மிகச் சிலர்.

1940 ஊவாவில் வேறு மாதிரி விடிந்தது. ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்கு இரையானதும், விசாரணைக் கமிஷனும் மந்திரிகளின் ராஜிநாமாவும் தோட்டத்துச் செய்தியை முதற்பக்கத்துக்கு இழுத்துவந்தன. மே மாதத்துக்குள் வேலைநிறுத்த அலை பதுளையை எட்டியது. வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாங்களே தேர்ந்தெடுத்த குழுவோடு கலந்தாலோசித்து நடக்கத் துரை சம்மதிக்க வேண்டியதாயிற்று; அமைதியை நிலைநாட்ட வந்த பொலிசாரின் ஆயுதங்களையே ஜனங்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதுளை நகரில் கூட்டம் கூடாதென்ற தடையை மீறி இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா பேசினார், பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அலையைக் கடைசியில் அடக்கியது மே மாதத்து வெள்ளமேயன்றி எந்தக் கம்பெனியின் அறிக்கையும் அன்று. விசித்திரம் என்னவென்றால், அப்புத்தளையில் 1931-இல் அடிஷம் என்ற கருங்கல் மாளிகையைக் கட்டியவரும், ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராக இருந்தவருமான சர் தாமஸ் வில்லியர்ஸ், கொழும்பு வர்த்தக ஸ்தாபனங்களின் கீர்த்தியைத் தொகுத்து ‘மேர்க்கன்டைல் லோர்’ என்ற நூலை வெளியிட்டதும் அதே 1940-இல். மீனாட்சி அம்மாளின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகம் அச்சேறியதும் அதே வருஷத்தில். முன்னது கனத்த அட்டையோடு கிளப் நூலகங்களில் இருக்கிறது. பின்னது சில சதத்துக்கு விற்ற மெல்லிய தாள். படித்த கைகளிலேயே கிழிந்துபோயிற்று.

பிற்காலத்துக் கதையை நீட்டப் போவதில்லை. 1973-இல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி, ஒரு கோப்பைத் தேநீரின் உண்மை விலை என்னவென்று கேட்டு இலங்கைத் தோட்டங்களின் லயங்களையும் பட்டினியையும் படம்பிடித்துக் காட்டியபோது, லிப்டன் எண்பது ஆண்டுகளுக்கு முன் இல்லத்தரசிக்குக் காட்டிய மலைச்சரிவின் பின்புறத்தை அவளுடைய பேத்திமார் கண்டார்கள். லண்டன் கம்பெனிகள் சமாதானம் சொல்லி ஓய்வதற்குள் 1975-இல் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய்விட்டன. 1992-இல் மறுபடியும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. தபால் பை மட்டும் இத்தனை மாற்றங்களுக்கும் அசையாமல், வெகு அண்மைக் காலம்வரை தோட்டத்து ஆபீஸ் வழியாகவே லயத்துக் கடிதத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கைக்கு வந்ததென்று சொல்லும் பட்டதாரிகளைப் பதுளையில் நான் சந்தித்திருக்கிறேன்.

ஆடி மாதத்தில் கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு வீசும் நாட்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணம் ஏறுகிறது. அப்படியொரு நாளில் தம்பத்தென்ன ஸ்டோரைக் கடந்து, லிப்டன் உட்கார்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லும் உச்சிக்கு நடந்து போனேன். உச்சியில் அவருடைய சிலையை ஒரு பெஞ்சியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பிரயாணிகள் பக்கத்தில் அமர்ந்து படமெடுத்துக்கொள்கிறார்கள். இறங்கி வரும் வழியில், பாதையோர நிரையில் கொழுந்தெடுத்த நடுவயதுப் பெண்ணொருத்தியை நோக்கி வெள்ளைக்காரத் தம்பதியர் கமராவை உயர்த்தினார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொழுந்தெடுத்த கையை நிறுத்தாமலே இருநூறு ரூபாய் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் கொடுத்தார்கள், அவள் தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, கூடையைச் சரிசெய்து நிமிர்ந்து நின்றாள். படங்கை அவிழ்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு, “என்னம்மா, படத்துக்கும் காசா?” என்றேன்.

“பின்னே? நிக்கிற நேரத்துக்குக் கொழுந்து கொறையுதுல்ல, ஐயா. அதுக்கு யாரு பேர் போடுவா?” என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.